பூனையின் வரவேற்புரை

என் மனைவிக்கு இரண்டு பட்டப்பெயர்கள். பல்கலைக்கழகத்தில் அவளிடம் கணக்குப் படிக்கும் பிள்ளைகள் வைத்தது ‘இடி’. அதே கட்டடத்தில் ஆசிரியர் அறையில் கூட உட்காரும் சகாக்கள் வைத்தது ‘பூனை’. இரண்டும் சரிதான் என்று, இருபத்தாறு வருடம் குடித்தனம் நடத்தியவன் என்ற முறையில் நான் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருவேன். சந்தைக்கடை மாதிரி இரைந்துகொண்டிருக்கும் நூற்றிருபது பேர் வகுப்புக்குள் இவள் காலை வைத்தால் போதும், கப்சிப். அதே ஆள், நாலு பெரியவர்கள் சேர்ந்தாற்போல் தன் முகத்தைப் பார்த்தால் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு சாவியையும் விழுங்கிவிடுவாள்.

எங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்த அலுவலகத்தில் பதிவாளர் “சம்மதமா?” என்று கேட்டார். இவள் தலையை ஆட்டினாள். “வாயால சொல்லும்மா” என்றார். மறுபடி ஆட்டினாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தார், ஏதோ நான் கடத்திக்கொண்டு வந்துவிட்டதுபோல. பதறிப்போய் “சம்மதம் சார், அவங்களுக்கும் சேர்த்து நானே சொல்றேன், சம்மதம்” என்றேன். அதற்கும் இவள் தலையை ஆட்டினாள்.

நான் இதற்கு நேரெதிர். டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறேன். காலை முதல் மாலை வரை “கிளட்ச், கிளட்ச், கிளட்சை மிதிய்யா!” என்று கத்திக் கத்தியே தொண்டை தேய்ந்தவன். எங்கள் காரில் கற்றுக்கொள்பவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் காலடியில் இன்னொரு பிரேக். எதிரே ஒரு ஆட்டுக்குட்டி ரோட்டைக் கடப்பதாகக் கனவு கண்டால்கூட என் கால் அழுத்திவிடும். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் ‘பிரேக் மாஸ்டர்’. அதில் எனக்கு வருத்தமெல்லாம் இல்லை, இதுவரை ஒரு பம்பர்கூட நசுங்கியதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பேராசிரியர்களுக்கு ரத்த வகை மறந்தாலும் சீனியாரிட்டி நம்பர் மறக்காது. யார் முதலில் வேலைக்குச் சேர்ந்தார், யார் அடுத்து என்ற வரிசை. கணக்குத் துறையில் மொத்தம் இருபத்தொரு பேர். எந்த அறை, எந்த ஜன்னல், யாருக்கு விடியற்காலை வகுப்பு, எல்லாம் அந்த நம்பர்படிதான். துறைத்தலைவர் பதவியும் அந்த வரிசையில்தான் சுற்றி வரும். என் மனைவி ஏகப்பட்ட காலமாக ரெண்டாம் நம்பர். ஒண்ணாம் நம்பர் ஒரு வெள்ளைத்தாடிக்காரர். எந்தக் கூட்டமானாலும் முன்வரிசையில் இடது ஓரம் அவருடையது, வேறு யாரும் அங்கே உட்கார மாட்டார்கள். தன் முறைக்குத் தலைவராக இருந்து முடித்தபின் நிம்மதியாகத் தாடியை நீவிக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை இவளுடையது. மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் இவள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அது மூன்றாம் நம்பருக்குப் போனது. மூன்றாம் நம்பரை எல்லோரும் ‘கூட்ஸ் வண்டி’ என்பார்கள். அவர் பேச்சும் அப்படித்தான், பெட்டி பெட்டியாக வந்துகொண்டே இருக்கும், கடைசிப் பெட்டி கண்ணுக்கே தெரியாது. ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும், விடுமுறை முடிந்து திரும்பும் ஆசிரியர்களை வரவேற்றுத் தலைவர் அஞ்சு நிமிஷம் பேச வேண்டும் என்பது வழக்கம். கூட்ஸ் வண்டியின் அஞ்சு நிமிஷத்தில் தேநீர் ஆறி, ஆடை கட்டி, அந்த ஆடைமேல் ஈ உட்கார்ந்து, அதுவும் தூங்கிப்போகும். மனிதர் நல்லவர். பேச்சு மட்டும்தான் வியாதி.

இந்த விடுமுறையில் வெள்ளைத்தாடி ஓய்வு பெற்றார். ஒரு வாரம் கழித்து டீன் போன் செய்தார். இவள் அடுப்படியில் நின்றுகொண்டு பேசினாள், நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பேசினாள் என்று சொல்வதே பொய், போனைக் காதில் வைத்திருந்தாள். டீனுடைய குரல் எனக்கே கேட்டது.

“அவர் போயிட்டாரு மேடம். இப்ப நம்பர் ஒண்ணு நீங்கதான். தலைவர் பொறுப்பை உங்களுக்கே போடலாம்னு இருக்கோம். என்ன சொல்றீங்க?”

இவள் தலையை இடமும் வலமும் ஆட்டினாள். சாதாரண ஆட்டல் இல்லை, கொண்டை அவிழ்கிற ஆட்டல். முடியாது, மாட்டேன், வேண்டவே வேண்டாம் என்று அர்த்தம். போனில் தலையாட்டினால் எதிராளிக்குத் தெரியாது என்கிற சின்ன விஷயம் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவளுக்குத் தோன்றவில்லை.

“மௌனம் சம்மதம்தானே” என்று டீன் சிரித்தார். “ரொம்ப சந்தோஷம். முதல் நாள் எல்லாரையும் வரவேற்று அஞ்சே நிமிஷம் பேசிருங்க. அன்னிக்கு சாயந்தரம் நான் கூப்பிடுறேன். ஒத்துவரலைன்னா அப்ப சொல்லிருங்க, பழையபடி அவர்கிட்டயே குடுத்துரலாம்.”

போனை வைத்துவிட்டு இவள் என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“சிரிக்காதீங்க. இப்பவே கூப்பிட்டு வேண்டாம்னு சொல்லிருங்க.”

“நீயே சொல்லேன்.”

“எனக்குப் பேச வரும்னா நான் ஏன் உங்களைக் கேக்கிறேன்?”

நியாயமான கேள்வி. போனை எடுத்தேன். எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோது இவள் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் விடவில்லை.

“என்னம்மா?”

“மூணு தடவை வேண்டாம்னு எழுதிக் குடுத்தேன். மூணு தடவையும் வீட்டுக்கு வந்து அழுதேன். உங்களுக்குத் தெரியாது, குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவேன்.” அடுப்பைத் துணியால் துடைத்தாள், அது ஏற்கெனவே பளபளவென்று இருந்தது. “எனக்குப் பொறுப்பு வேண்டாம்னு இல்லங்க. பொறுப்பு வேணும். நூத்தியிருபது புள்ளைங்களை ஒரே கிளாஸ்ல அடைச்சு வச்சிருக்காங்க, அதை ரெண்டாப் பிரிக்கணும். அதுக்கு ஆள், அறை, நேரம் எல்லாம் மனசுலயே போட்டு வச்சிருக்கேன். அந்த முதல் நாள் பேச்சு ஒண்ணுதான் எனக்கு ஆகாது. அன்னிக்கு வாயைத் திறந்து ஒண்ணும் வரலைன்னா, அதோட சரி. சாயந்தரம் டீன்கிட்ட நானே வேண்டாம்னு சொல்லிருவேன். அப்புறம் இந்த ஜன்மத்துல எனக்குத் தலைவர் பதவி கிடையாது.”

இருபத்தாறு வருடத்தில் இவள் சேர்ந்தாற்போல் இத்தனை வாக்கியம் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. நான் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் வீடு நாடகக் கொட்டகை ஆனது. பேச்சை நான் எழுதினேன். ‘அன்பார்ந்த பெருமக்களே’ என்று தொடங்கி, ‘சாலை பாதுகாப்பு உயிர் பாதுகாப்பு’ என்று முடிந்திருந்தது, கைப்பழக்கம். அதை அடித்துவிட்டு மறுபடி எழுதினோம். வெளியூரில் நர்ஸாக வேலை பார்க்கும் எங்கள் மகள் தினமும் சாயந்தரம் போனில் ஒத்திகை கேட்டாள்.

“அனைவருக்கும்...” என்று இவள் தொடங்குவாள்.

“சத்தமா!” என்பேன் நான்.

“அனைவருக்கும் வ...”

“கையைக் கட்டாத. தலையை நிமித்து. எங்க பாக்கிற? நேராப் பாரு!”

“அப்பா” என்றாள் மகள் போனுக்குள்ளிருந்து. “கொஞ்சம் பிரேக்லேர்ந்து காலை எடுக்கிறீங்களா? வண்டி நகரட்டும்.”

பெற்ற பிள்ளை இப்படிச் சொன்னால் எந்தத் தகப்பனுக்குக் கோபம் வராது? வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு போய்க் காரைக் கழுவினேன். கழுவிவிட்டு வந்து அடுப்படி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், இவள் மேடையில் உருளைக்கிழங்குகளை வரிசையாக அடுக்கி வைத்து அவற்றிடம் பேசிக்கொண்டிருந்தாள். மகள் கொடுத்த யோசனையாம். தடங்கலே இல்லை, வார்த்தை அருவியாகக் கொட்டுகிறது. எல்லாக் கிழங்குக்கும் நடுவில் ஒரு முழுப் பூசணிக்காய்.

“அது யாரு, கூட்ஸ் வண்டியா?” என்றேன். வாய் சும்மா இருக்காதே.

திடுக்கிட்டுத் திரும்பினாள், பேச்சு நின்றுபோனது. ஆனாலும் சிரித்தாள். “அவரேதான்.”

“முன்னாடி இடது ஓரத்துல ஏன் இடம் விட்டிருக்க?”

“அது ஒண்ணாம் நம்பர் இடம். அவர்தான் ரிட்டயர் ஆயிட்டாரே.”

கிழங்குகளை எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை எனக்கு. அன்று இரவு அவற்றையெல்லாம் வறுத்துத் தின்றோம். கணக்குத் துறை நன்றாகத்தான் இருந்தது.

முதல் நாள் காலை வந்தது. என் டிரைவிங் ஸ்கூல் காரில்தான் புறப்பட்டோம், வண்டியின் தலையில் ‘எல்’ என்ற சிவப்பு எழுத்துப் பலகையோடு. பின் சீட் முழுக்கக் கேக் பெட்டிகளும் பிஸ்கட் டப்பாக்களும். இவள் என் வழக்கமான இடத்தில், அதாவது இரண்டாவது பிரேக் இருக்கும் இடத்தில் உட்கார்ந்தாள். கையில் பேச்சு எழுதிய தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. பாதி தூரம் போனதும் நடுரோட்டில் வண்டி திடீரென்று நின்றது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. மறுபடி கிளப்பினேன், மறுபடி நின்றது. குனிந்து பார்த்தால், இவள் பயத்தில் தன் காலால் பிரேக்கை நசுக்கிக்கொண்டிருக்கிறாள்.

“ஏம்மா, காலை எடு!”

“நான் எதையும் மிதிக்கலையே!”

“எல்லாரும் அதையேதான் சொல்றாங்க!”

தவளை மாதிரி குதித்துக் குதித்துப் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தோம். இறங்கும்போது எனக்கு ஒரு கட்டளை போட்டாள். “நீங்க உள்ள வரவே கூடாது. பெட்டியை எல்லாம் வெளியில குடுத்துட்டுப் போயிருங்க. உங்க மூஞ்சியைப் பாத்தா எனக்கு எல்லாம் மறந்துரும்.” சரி என்றேன். சத்தியமாகப் போய்விடத்தான் நினைத்தேன். ஆனால் பெட்டிகளை இறக்கி முடித்துப் பார்த்தால் சீட்டின்மேல் அந்தத் தாள் கிடக்கிறது. கேக்கை எடுக்க மறக்காதவள் பேச்சை மறந்துவிட்டுப் போயிருக்கிறாள். மோசம் போனோம் என்று தாளைச் சுருட்டிக்கொண்டு ஓடினேன்.

கருத்தரங்கு அறையில் வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். அதனால் வரவேற்பை முதலாமாண்டு வகுப்பறைக்கு மாற்றியிருந்தார்கள். படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டே போகும் பெஞ்சுகள், எதிரே கரும்பலகை, மேஜைமேல் சாக்பீஸ் டப்பாவும் டஸ்டரும். இவளுடைய சொந்த வகுப்பறை. நான் பின்வாசல் வழியாக நுழைந்து கடைசிப் பெஞ்சுக்குப் பின்னால் நின்றேன்.

உள்ளே ஒரே திருவிழாக் கூட்டம். இரண்டு மாத விடுமுறைக் கதைகள் பறந்துகொண்டிருந்தன. வெயிலில் கறுத்தவர்கள், புதுக் கண்ணாடி போட்டவர்கள், தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள். அத்தனை பேரும் மேலே ஏறிக் கடைசிப் பெஞ்சுகளில் அடைந்துகொண்டிருந்தார்கள். வருடம் முழுக்கப் பிள்ளைகளை ‘முன்னாடி வந்து உக்காரு’ என்று திட்டுகிறவர்கள் இவர்கள்தான். முன்பெஞ்சில் கூட்ஸ் வண்டி மட்டும் தனியாக. அவர் சட்டைப் பையில் நாலாக மடித்த காகிதம் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. இவள் தடுமாறினால் கைகொடுக்கலாம் என்று, நல்ல எண்ணத்தில், ஒரு பேச்சை எழுதியே எடுத்து வந்துவிட்டார் மனிதர். இடது ஓரம் காலி.

இவள் மேஜைக்குப் பின்னால் நின்றாள். கைப்பையைத் திறந்தாள். தேடினாள். மறுபடி தேடினாள். நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. நான் பின்னாலிருந்து தாளை ஆட்டினேன். என்னைப் பார்த்துவிட்டாள். பார்க்கக்கூடாது என்று சொன்ன மூஞ்சியைப் பார்த்ததும் இருந்த கொஞ்ச நஞ்சமும் போயிற்று. வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

“அ...” என்றாள்.

அவ்வளவுதான். கூட்ஸ் வண்டி மெல்ல எழுந்தார். கை சட்டைப் பைக்குப் போனது. “மேடம், உங்களுக்குச் சிரமமா இருந்தா, நான் வேணா ரெண்டு வார்த்தை...”

அவருடைய ரெண்டு வார்த்தை எப்படிப்பட்டது என்று அறை முழுக்கத் தெரியும். ஒருவர் அப்போதே பையைத் தலையணையாக மடித்துக்கொண்டார். எனக்கோ குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுபவள் ஞாபகம் வந்தது. போய்த் தாளைக் கையில் திணிக்கலாமென்றால் நடுவில் அத்தனை படி. கத்திச் சொல்லலாமென்றால் மானம் போகும், என்னுடையதில்லை, அவளுடையது.

அந்த நேரம் பார்த்து எனக்கு நேர் முன்னால், கடைசிப் பெஞ்சில், இரண்டு பேராசிரியர்கள் போனில் எதையோ காட்டிக் ‘குபுக்’கென்று சிரித்தார்கள்.

டஸ்டர் மேஜையில் விழுந்த சத்தத்தில் நான் ஒரு அடி பின்னால் போனேன். சுண்ணாம்புப் புகை எழுந்தது.

“பின்னாடி என்ன சத்தம்?”

இடி! என் வீட்டுப் பூனை இல்லை, சாட்சாத் இடி. அந்தக் குரலை நான் அதுவரை நேரில் கேட்டதே கிடையாது, பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும். இரண்டு பேரும் போனைப் பெஞ்சுக்கடியில் ஒளித்தார்கள். ஒருவருக்கு வயது ஐம்பத்தெட்டு.

“ஸாரி மேடம்” என்றார் அவர், எழுந்து நின்று.

“முன்பெஞ்ச் எதுக்குப் போட்டிருக்கு? அழகு பாக்கவா? எல்லாரும் இறங்கி வாங்க. சார், நீங்க உக்காருங்க.” கடைசி வாக்கியம் கூட்ஸ் வண்டிக்கு. அவர் பொத்தென்று உட்கார்ந்தார். மற்ற எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு தடதடவென்று இறங்கினார்கள். நான் மட்டும் ஒரு தூணுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன். என்னையும் இறங்கச் சொல்லிவிடுவாளோ என்று நிஜமாகவே பயந்தேன்.

அப்புறம் நடந்தது பழக்கதோஷம். கை தானாகச் சாக்பீஸை எடுத்தது. வாய் தானாக அடுத்த வார்த்தையைச் சொன்னது.

“அட்டெண்டன்ஸ்.”

இவள் வகுப்பில் வருகை எடுப்பதே தனி ரகம். பெயர் கிடையாது, நம்பர்தான். அதுவும் கடைசி நம்பரிலிருந்து முதல் நம்பருக்கு வருவாள். தன் முறை வர நேரமிருக்கிறது என்று கான்டீனில் உட்கார்ந்திருக்கும் கடைசி நம்பர்களைப் பிடிக்கும் தந்திரம். ‘எஸ் மேடம்’ எல்லாம் செல்லாது, ‘உள்ளேன்’ என்று முழுசாகச் சொல்ல வேண்டும். “இருக்கியா, இல்லையா? அதைச் சொல்லு” என்பாள். தன் எதிரே இருப்பது பிள்ளைகள் இல்லை, பேராசிரியர்கள் என்பது அந்த நொடியில் இவள் மண்டையில் ஏறவே இல்லை.

“இருபத்தொண்ணு!”

புதிதாகச் சேர்ந்த சின்னப்பெண் ஒருத்தி, இவளிடமே படித்தவள், ஸ்பிரிங் வைத்ததுபோல் எழுந்தாள். “உள்ளேன் மேடம்!”

அவள் அப்படி எழுந்திருக்காவிட்டால் அதோடு நின்றிருக்கும். ஒருத்தி எழுந்துவிட்டாள், அப்புறம் அணை உடைந்த கதைதான்.

“வேலை கிடைச்சிருச்சுன்னு அம்மாகிட்ட சொன்னியா? என்ன சொன்னாங்க?”

“அழுதாங்க மேடம்.”

“சந்தோஷம். உக்காரு. இருபது!”

“உள்ளேன்!”

“முட்டி வலி?”

“பரவால்ல மேடம், இப்பப் படி ஏறுறேன்.” சொன்னவர் ஏறிக்காட்டவும் தயாராக இருந்தார்.

“பத்தொம்பது!”

“உள்ளேன்!”

“ரெட்டைக் குழந்தையும் தூங்குதா?”

“ஒண்ணு தூங்குது மேடம். தூங்கி முடிச்சுட்டு இன்னொண்ணை எழுப்புது.”

அறை கொல்லென்று சிரித்தது. ஆசிரியர் அறையில் வருடக்கணக்காக ஒரு மூலையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்குக் காது மட்டும் நன்றாக வேலை செய்திருக்கிறது. யார் வீட்டில் கண் ஆபரேஷன், யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, யார் பிள்ளை எந்தப் பரீட்சைக்குப் படிக்கிறான், எல்லாம் அங்கே கேட்டதுதான். இத்தனை நாள் கேட்க வாய் வரவில்லை. இப்போது வந்தது, நிற்கவில்லை.

“பதினஞ்சு!”

“உள்ளேன்” என்றது ஒரு கீச்சுக்குரல். பதினஞ்சாம் நம்பர் அம்மாள் அங்கே இல்லை. பதினாலாம் நம்பர்க்காரர், நல்ல மீசைக்காரர், கையால் வாயை மறைத்துக்கொண்டிருந்தார். பேராசிரியர்கள் கூட்டத்தில் பிராக்சி!

“பதினஞ்சுக்கு எப்ப மீசை முளைச்சுது?”

அதே நேரம் கதவு திறந்தது. நிஜப் பதினஞ்சு மூச்சு வாங்க நின்றார். உள்ளே இருந்த நிலவரத்தைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, “உள்ள வரலாமா மேடம்?” என்றார்.

“ஏன் லேட்டு?”

“வழியில ஒரு டிரைவிங் ஸ்கூல் கார் மேடம். நடுரோட்டுல நின்னு நின்னு போச்சு. எவனோ ஓட்டத் தெரியாதவன்...”

தூணுக்குப் பின்னால் என் காது சிவந்தது. இவள் இருமினாள். “சரி, சரி, உள்ள வாங்க.”

பன்னிரண்டு, ஒன்பது, ஏழு என்று நம்பர் இறங்க இறங்கக் குரல்கள் ஏறின. ஒவ்வொருவரும் முந்தினவரைவிடச் சத்தமாக ‘உள்ளேன்’ என்றார்கள். தலைக்குச் சாயம் பூசியவர் எழுந்தபோது “யாரு இது, புதுசா?” என்றாள். பாவம், உச்சி குளிர்ந்துபோனார். நாலாம் நம்பர் பன்னிரண்டு வருடமாக ஒரு புத்தகம் எழுதுகிறார். “இந்த லீவுலயாவது முடிஞ்சுதா?” என்று கேட்டாள்.

“ஒரே ஒரு அத்தியாயம்தான் மேடம் பாக்கி.”

“போன செமஸ்டரும் அதுதான் பாக்கி. அடுத்த தடவை கையோட கொண்டு வரணும்.”

“கண்டிப்பா மேடம்” என்று அவர் சொன்ன பவ்வியத்தைப் பார்த்து, அடுத்து எழ வேண்டிய புது மூன்றாம் நம்பருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவரால் தன் ‘உள்ளேன்’னைச் சொல்லவே முடியவில்லை, கையைத் தூக்கிக் காட்டினார்.

வெள்ளைத்தாடி போனதில் எல்லோருடைய நம்பரும் ஒன்று ஏறியிருந்தது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, அவரவர் புது நம்பர் அவரவருக்கு அத்துப்படி. ஒருத்தியைத் தவிர.

“ரெண்டு!”

“உள்ளேன்” என்று கம்பீரமாக எழுந்தார் கூட்ஸ் வண்டி. “உள்ளேன் என்பது மட்டுமல்ல, இந்த இனிய தருணத்திலே, நம் துறையின் நீண்ட நெடிய...”

“உள்ளேன் மட்டும் போதும் சார்.”

“சரி மேடம்” என்று உட்கார்ந்தார். அவர் வாழ்க்கையிலேயே சின்னப் பேச்சு. அதற்குக் கைதட்டல் கிளம்பியது, அவரே திகைத்துப்போய்த் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டார்.

“ஒண்ணு!”

யாரும் எழவில்லை.

இவள் கண் தானாக இடது ஓரத்துக்குப் போனது. காலி இடம். புருவம் சுருங்கியது. “ஒண்ணு எங்க? முதல் நாளே லீவா?”

எனக்குச் சட்டென்று விளங்கியது, உருளைக்கிழங்கு வரிசையின் ஓரத்தில் இருந்த அந்தக் காலி இடம். அடி என் பைத்தியமே, அது நீதானே! சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது. என் வலதுகால் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்தியது. அங்கே பிரேக் எதுவும் இல்லை, வெறும் சிமென்ட். மகள் சொன்னது ஞாபகம் வந்தது. காலை எடுத்தேன். என் ஆயுளில் நான் செய்த கஷ்டமான காரியங்களில் இதற்குத்தான் முதலிடம்.

கூட்ஸ் வண்டியும் வாயைத் திறந்தார், திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். அந்த மனிதருக்கு நான் அதற்காக ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

“ஒண்ணு! இருக்கா, இல்லையா?”

கேட்டுவிட்டு இவளே நின்றாள். கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்தாள். எதிரே வரிசையாகத் தன்னையே பார்த்துக்கொண்டிருந்த பெரியவர்கள் முகங்களைப் பார்த்தாள். நாலு பேர் பார்த்தாலே பூட்டிக்கொள்கிறவள் இருபது பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். எப்போதும் யாருக்கோ பின்னால் நின்றே பழகியவளுக்கு, முன்னால் யாரும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முகம் குங்குமமாகச் சிவந்தது. ஐயோ, போச்சு, ஓடிவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

முதுகை நிமிர்த்திக்கொண்டாள். பிள்ளைகளைச் சொல்ல வைப்பாளே, அதே மாதிரி, முழுசாக, கடைசிப் பெஞ்சுவரை கேட்கும்படி சொன்னாள்.

“உள்ளேன்.”

அறை இடிந்து விழுந்ததுபோல் ஒரு கைதட்டல். பெஞ்சைத் தட்டுகிறார்கள், விசில் அடிக்கிறார்கள். விசில் அடித்தது நாலாம் நம்பர், புத்தகம் எழுதுகிறவர். இவள் சிரித்துக்கொண்டே டஸ்டரால் இரண்டு தட்டுத் தட்டினாள். “சரி, எல்லாரும் வந்தாச்சு. எல்லாருக்கும் வணக்கம். வெளியில டீ இருக்கு. ஆறதுக்குள்ள குடிங்க.”

அன்றைக்குத்தான் கணக்குத் துறை வரலாற்றிலேயே முதல்முறையாக வரவேற்பு நாளில் சூடான தேநீர் குடித்தார்கள். கூட்ஸ் வண்டி என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் சட்டைப் பையில் காகிதம் இன்னும் அப்படியே இருந்தது. என் பையில் என்னுடையது.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டி ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. இவள் கால் இரண்டையும் சீட்டின்மேல் மடக்கிப் போட்டுக்கொண்டு சன்னமாக எதையோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

“உடம்பு சரியில்லையா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சாயந்தரம் சொன்னபடியே டீன் கூப்பிட்டார். இவள் அடுப்படியில், நான் அதே வாசற்படியில்.

“கேள்விப்பட்டேன் மேடம், கேள்விப்பட்டேன்! அப்ப பொறுப்பை நீங்களே வச்சுக்கிறீங்கதானே?”

இவள் தலையை மேலும் கீழும் ஆட்டினாள். பலமாக ஆட்டினாள். டீன் “ஹலோ, ஹலோ” என்றார். நான் வாயைத் திறந்தேன், இருபத்தாறு வருடப் பழக்கம், இவளுக்கும் சேர்த்துச் சம்மதம் சொல்ல.

இவள் கையை நீட்டி என் வாயைப் பொத்தினாள்.

“தலையாட்டினேன் சார், உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது” என்றாள் போனில். “வாயாலயும் சொல்றேன். சம்மதம்.”